விலக்கு நடை மாதிரி

விலக்கு நடை மாதிரி என்பது, உயிரணுவினுள் நடைபெறும் துகள் போக்குவரத்தை ஆராயப் புகுந்து, பின்னர்ப் புள்ளியியல் பௌதிகத்தின் அடிப்படை மாதிரிகளுள் ஒன்றாக நிலைபெற்ற கணித அமைப்பாகும். தூது ஆர்.என்.ஏ. இழையின் மேல் ரைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து புரதத்தைக் கோக்கும் விதத்தை விளக்கும்பொருட்டு, 1968-இல் மக்டொனால்டு, கிப்ஸ், பிப்கின் என்னும் மூவர் இதனை வகுத்தனர். 1970-இல் பிராங்க் ஸ்பிட்ஸர் இதே வகை நடையைத் தூய கணிதப் பொருளாக எடுத்து ஆராய்ந்தார்.

இதன் விதி சிறுபிள்ளைக்கும் விளங்கும். வரிசையாக அமைந்த கட்டங்களில், கட்டத்திற்கு ஒரு துகளே தங்கலாம். முன்னுள்ள கட்டம் காலியாக இருந்தாலன்றி எத்துகளும் நகர முடியாது. ஒரு முனையில் துகள்கள் நுழைகின்றன, மறுமுனையில் வெளியேறுகின்றன. அரவைப் பருவத்துக் கரும்பு வண்டிகள் ஆலைவாயில் திறக்கும் வேகத்தைப் பொறுத்தே ஓடுவதும் தேங்குவதும் போல, நடுப்பாதையின் நிலையை இங்கு இரு முனைகளே நிர்ணயிக்கின்றன. தாவும் வீதத்தை 1 என்று கொண்டால், நுழைவு வீதமும் வெளியேற்ற வீதமும் 1/2-ஐ விஞ்சும்போது பாதை பாதியளவு நிறைந்து, பிரவாகம் 1/4 என்னும் உச்சத்தை அடைகிறது. அதன்பின் வாயிலில் எத்தனை துகள்களைத் திணித்தாலும் அது ஏறுவதில்லை. வெளியேற்றம் குன்றினால் நெரிசல். நுழைவு குன்றினால் வெறிச்சோடல். இரண்டும் 1/2-க்குக் கீழே சமமாக நின்றாலோ, நெரிசலையும் வெறுமையையும் பிரிக்கும் எல்லை பாதை நெடுகிலும் நிலைகொள்ளாது அலைகிறது. சமநிலையிலுள்ள ஒருபரிமாண அமைப்புகளில், அண்டைத் துகள்களுக்கிடையே மட்டும் விசை செயற்படுமாயின் நிலைமாற்றம் நிகழாது என்பது பழைய பாடமாதலின், முனைகளின் வீதங்களுக்கேற்ப ஒருபரிமாணப் பாதை நிலைமாறும் இவ்விளைவு பௌதிக அறிஞரை வியப்பில் ஆழ்த்தியதில் ஆச்சரியமில்லை. 1993-இல் தெரிதா முதலிய நால்வர் அணிகளின் பெருக்கத்தால் இதற்குத் துல்லியமான தீர்வு கண்டனர்.

பாரதத்தின் பங்கும் சிறிதன்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்திருந்த தீபக் தார், 1987-இலேயே இவ்வகை நடையைப் பரப்பு வளர்ச்சியோடு இணைத்துத் துல்லியமாகத் தீர்த்தார். 2022-இல் அவருக்குப் போல்ட்ஸ்மான் பதக்கம் வழங்கப்பட்டது.

உயிரணுவின் மெய்யான நிலை இன்னும் சிக்கலானது. நுண்குழலின் மேல் 8 நானோமீட்டர் அடிவைத்து நடக்கும் கைனசின் என்னும் இயக்கிப் புரதம், பாதையினின்று இடையில் கழன்று விழும். பிறிதோரிடத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இதனையும் பர்மெஜியானி, ஃபிரானோஷ், ஃபிரை ஆகியோர் 2003-இல் கணக்கிற் சேர்த்தபோது, அலைந்து திரிந்த எல்லை பாதையின் நடுவே ஓரிடத்தில் நிலைத்து நிற்பதைக் கண்டனர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் தேவாசிஷ் சௌதுரி, நிஷினாரி, ஒகாடா, ஷாட்ஷ்னைடர் ஆகியோருடன் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றுள் தனிச் சிறப்புடையது. ஒற்றைத் தலையுடைய கே.ஐ.எஃப்.1ஏ என்னும் கைனசின், ஏ.டி.பி.யைச் சிதைத்து ஆற்றல் பெறும் படிகளையும் அவர்கள் மாதிரியிற் புகுத்தினர். அன்றியும், ஒளிரும் சாயமிட்ட அப்புரதங்களை உயிரணுவுக்கு வெளியே நுண்குழல்களின் மேல் ஓடவிட்டு, அவ்வெல்லை உண்மையாகவே தோன்றுவதற்குச் சோதனைச் சான்றும் அளித்தனர்.