எலும்புக்கூடாக விற்கப்பட்ட கணினி: சின்னப் பேர்போன் பெட்டிகளின் கதை

கணினி வாங்கப் போகிறவருக்குப் பொதுவாக இரண்டு வழிகள் தெரியும். பெயர் பெற்ற ஒரு நிறுவனம் முழுதாகச் செய்து மூடி விற்கும் கணினியை வாங்கலாம். அல்லது சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடத்தில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி, 'அசெம்பிள்' செய்து எடுத்து வரலாம். இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் 'பேர்போன்' கணினி. பெட்டி, அதற்குள் மதர்போர்டு, மின்சாரம் தரும் பவர் சப்ளை ஆகியவை மட்டும் கடைக்காரர் பொறுப்பு. பிராசஸர், நினைவகம் (ராம்), வன்தட்டு, விண்டோஸோ லினக்ஸோ எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. எலும்புக்கூட்டைக் கொடுத்து, சதையையும் உயிரையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப் போன்றது இது.

இந்த எலும்புக்கூடு சிறிதாகிக்கொண்டே வந்த கதை சுவையானது. பெட்டி சிறிதாகச் சிறிதாக, வாங்குபவர் கையில் இருந்த தேர்வுரிமையும் சிறிதாகிப் போனதா என்பதுதான் அந்தக் கதைக்குள் இருக்கும் கேள்வி.

பெரிய பெட்டிகளின் காலம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதன் பெட்டி மேசையில் பாதியை அடைத்துக்கொண்டது. ஆனால் மூடியைத் திறந்து கார்டுகளைச் செருகிக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. அந்த வசதியே அதன் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம். 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டின் நீள அகலம், திருகு போடும் துளைகள் இருக்கும் இடம், பவர் சப்ளையின் இணைப்பு எல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. இதனால் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இன்னொரு நிறுவனத்தின் போர்டு சரியாக உட்கார்ந்தது. அசெம்பிள் செய்யும் தொழில் உலகமெங்கும் பெருகியதற்கு இந்தப் பொது அளவு பெரிதும் உதவியது. பின்னர் 1997-ல் மைக்ரோ ஏடிஎக்ஸும் 1999-ல் அதைவிடச் சிறிய ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸும் வந்தன.

ஆனாலும் வீடுகளில் நின்றது என்னவோ ஆளுயரக் கோபுரத்தின் தம்பி போன்ற பெட்டிதான். உள்ளே பாதிக்கு மேல் வெறும் காற்று.

ஷட்டில் செய்த புதுமை

இந்த வெற்றிடத்தைக் கவனித்தது தைவானின் ஷட்டில் நிறுவனம். 1983-ல் தொடங்கப்பட்ட இது, மதர்போர்டு செய்து விற்றுக்கொண்டிருந்த பல தைவான் நிறுவனங்களில் ஒன்று. 2001-ல் எஸ்வி24 என்னும் சிறு அலுமினியப் பெட்டியை வெளியிட்டது. பென்டியம் III, செலரான் பிராசஸர்களை ஏற்கும் அந்தப் பெட்டியில் படம் காட்டும் சிப்பு போர்டிலேயே இருந்தது. கூடுதலாக ஒரே ஒரு பிசிஐ கார்டு மட்டும் செருகலாம். விளையாட்டுப் பிரியர்கள் கேட்ட ஏஜிபி இடம் அதில் இல்லை.

அந்தக் குறையை 2002-ல் வந்த எஸ்எஸ்51 தீர்த்தது. பென்டியம் 4 பிராசஸரும் ஏஜிபி கிராபிக்ஸ் கார்டும் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பிசி என்ற பெயரில் புகழ்பெற்ற அந்தப் பெட்டிகள் சுமார் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 18.5 செ.மீ. உயரம். பெரிய காலணிப் பெட்டி ஒன்றின் அளவு எனலாம்.

அத்தனை சிறிய இடத்தில் பென்டியம் 4-ஐ வைப்பது எளிதல்ல. அது அடுப்பு மாதிரி சூடாகும் பிராசஸர். 2004-ல் வந்த அதன் பிரெஸ்காட் வகையில் சில 115 வாட் வரை வெப்பம் கக்கக்கூடியவை. ஷட்டில் இதற்குக் கண்ட வழி வெப்பக்குழாய். மூடிய செம்புக் குழாய்க்குள் சிறிதளவு திரவம் இருக்கும். பிராசஸர் பக்கம் அது ஆவியாகி, குழாயின் மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து, மறுபடி திரவமாகித் திரும்பும். மறுமுனை பெட்டியின் பின்சுவரை ஒட்டி இருந்ததால், ஒரே விசிறி பிராசஸரின் சூட்டையும் பெட்டிக்குள் தேங்கிய சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளியது. இடமும் மிச்சம், சத்தமும் குறைவு.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளைஞர்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடி, வலையால் இணைத்து இரவெல்லாம் விளையாடும் லேன் பார்ட்டிகள் அப்போது பிரபலம். தூக்கிச் செல்ல எக்ஸ்பிசி வசதியாக இருந்தது. வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் படம் பார்க்க வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே இருந்த மதர்போர்டும் பவர் சப்ளையும் ஷட்டிலின் சொந்த வடிவங்கள். இன்டெல் 2004-ல் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டை 478-லிருந்து 775-க்கு மாற்றியபோது, பழைய பெட்டிக்குள் புதுப் பிராசஸர் போட வழியில்லை. சாதாரண ஏடிஎக்ஸ் பெட்டி வைத்திருந்தவர் போர்டை மட்டும் மாற்றினார். பேர்போன் வைத்திருந்தவர் பெரும்பாலும் எலும்புக்கூட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

விஐஏ காட்டிய இன்னொரு பாதை

அதே தைவானில் விஐஏ நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. சூட்டை வெளியேற்றுவதற்குப் பதிலாகச் சூட்டையே குறைத்தால் என்ன? 2001-ல் மினி-ஐடிஎக்ஸ் என்னும் அளவை அறிவித்தது. 17 செ.மீ.க்கு 17 செ.மீ. சதுரம். 2002-ல் வந்த எபியா 5000 போர்டில் 533 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒட்டியே வந்தது. விசிறியே இல்லை. வேகம் குறைவுதான். ஆனால் பொழுதுபோக்காளர்கள் அதை ரொட்டி வாட்டும் டோஸ்டருக்குள்ளும் பழைய விளையாட்டுக் கருவிகளுக்குள்ளும் வைத்து மகிழ்ந்தார்கள்.

விஐஏவின் பிராசஸர்கள் காலப்போக்கில் மறைந்துபோயின. ஆனால் மினி-ஐடிஎக்ஸ் அளவு எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் மற்ற நிறுவனங்களும் அதை எடுத்துக்கொண்டன. ஷட்டிலின் சொந்த வடிவங்கள் ஷட்டிலோடு நின்றன. விஐஏ வகுத்த சதுரமோ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பொருளைவிடப் பொது அளவு நீண்ட நாள் வாழும் என்பதற்கு இது நல்ல சான்று.

மாக் மினியும் பட்டித் தகடும்

2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மாக் மினியை அறிமுகம் செய்தார். விலை 499 டாலர். 16.5 செ.மீ. சதுரம், 5 செ.மீ. உயரம். திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் நீங்களே கொண்டு வாருங்கள் என்பதுதான் விற்பனை வாசகம். பேர்போன் தத்துவத்தைத் தலைகீழாக்கியது போல இருந்தது இது. வெளியே இருப்பதெல்லாம் உங்கள் விருப்பம், உள்ளே இருப்பதில் தலையிட வேண்டாம்!

பெட்டியில் வெளியே தெரியும்படி ஒரு திருகுகூடக் கிடையாது. நினைவகத்தை மாற்ற விரும்பியவர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டைப் பக்கவாட்டில் செருகி நெம்பித் திறந்தார்கள். 2010-ல் அடிமூடியைக் கையால் திருகித் திறக்கும்படி ஆப்பிளே மாற்றியது. 2014-ல் நினைவகத்தைப் போர்டோடு பற்றவைத்தது. 2018-ல் மறுபடி கழற்றும்படி செய்தது. 2020-ல் வந்த எம்1 மாக் மினியில் நினைவகம் பிராசஸரோடு ஒரே பொதியில் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு, வாங்கும் அன்று எடுத்த முடிவே கடைசி முடிவு.

நக்: நாலு அங்குலச் சதுரம்

மாக் மினிக்குப் பதிலடி போல ஏஓபன் போன்ற நிறுவனங்கள் 2005-லேயே சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்தன. ஆனால் பேர்போனுக்கு மறுவாழ்வு தந்தது இன்டெல்தான். 2012-ல் அறிவித்த 'நக்' பெட்டியின் போர்டு நான்கு அங்குலச் சதுரம். மடிக்கணினிக்கான 17 வாட் பிராசஸரைப் போர்டிலேயே பதித்து, நினைவகத்துக்கும் எம்எஸ்ஏடிஏ சேமிப்புக்கும் காலி இடம் விட்டு விற்றார்கள். விலை சுமார் 300 டாலர். அட்டைப்பெட்டியைத் திறந்தால் இன்டெலின் விளம்பர இசை ஒலிக்கும். ஆனால் சுவரில் செருகும் மின்கம்பி முதல் பெட்டிகளில் இல்லை! இசைக்கு இடம் இருந்தது, கம்பிக்கு இல்லை.

கவனித்தால் ஒன்று புரியும். ஷட்டில் காலத்தில் வாங்குபவர் தேர்ந்தெடுத்தவை பிராசஸர், நினைவகம், வன்தட்டு, கிராபிக்ஸ் கார்டு. நக் காலத்தில் மிஞ்சியவை நினைவகமும் சேமிப்பும் மட்டுமே. இந்தப் போக்குக்கு மாற்றாக 2016-ல் அஸ்ராக் நிறுவனம் டெஸ்க்மினி என்ற பேர்போனில் பிராசஸர் சாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. 2023 ஜூலையில் இன்டெல் நக் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அசுஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதைத் தொடர்ந்தது.

கடைசி எலும்பு

2025-ல் ஃபிரேம்வொர்க் நிறுவனம் ஒரு சிறு மேசைக்கணினியை அறிவித்தது. பழுதுபார்க்க எளிதான மடிக்கணினிகளுக்காகவே பெயர் எடுத்த நிறுவனம் அது. மினி-ஐடிஎக்ஸ் போர்டுதான், ஆனால் நினைவகம் பற்றவைக்கப்பட்டது. பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் இடையே தேவைப்பட்ட வேகத்தில், கழற்றும் இணைப்பு வைத்தால் சமிக்ஞை பழுதாகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். இது வெறும் வியாபாரத் தந்திரம் அல்ல, இயற்பியலும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

ஆனாலும் பேர்போனின் நியாயம் தீர்ந்துவிடவில்லை. 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய, பொருந்தக்கூடிய ராம் ஒன்று கையில் இருந்தவருக்கு, காலி இடத்தோடு வரும் பெட்டி எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பது அப்போது புரிந்தது. இன்று 8 ஜிபி, நாளை தேவைப்பட்டால் 32 ஜிபி என்று தவணையாக வளரும் கணினி, மாதச் சம்பளக்காரருக்கும் மாணவருக்கும் ஏற்ற கணினி.

ஆகவே சின்னப் பெட்டி வாங்குபவர் அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எது கழற்றக்கூடியது? எது பொது அளவில் உள்ளது? எது பற்றவைக்கப்பட்டது? இருபத்தைந்து ஆண்டு வரலாறு சொல்லித்தரும் பாடம் அதுதான்.