இறைத்த கிணறு

எங்கள் அப்பாருக்குத் தாராளமான கை. களத்தில் சோளம் குவிந்துவிட்டால், கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வள்ளம் வள்ளமாக அளந்து போட்டுவிடுவார். "நமக்கு வேண்டாமா?" என்று சிறுவனாகிய நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். சிரித்தார். "எறைச்ச கெணறு ஊறும், கண்ணு. எறைக்காத கெணறு நாறும்" என்றார்.

கொடைக்குச் சொன்ன உவமை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். உவமையாவதற்கு முன்னால் அது உழவனின் அனுபவக் கணக்கு என்பது பின்னால்தான் விளங்கிற்று. இந்தப் பழமொழி தமிழ்நாடெங்கும் வழங்குவதுதான். ஆனாலும் அதன் உட்பொருள் எங்கள் கொங்குநாட்டுக் கிணற்றடியில் நன்றாகத் துலங்கும்.

கோயமுத்தூர்ச் சீமை மலைமறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குமலை அந்தப் பக்கமே இறக்கிவைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்புகிறது. ஆற்று வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டுக்குக் கிணறுதான் கதி. மேல்மண்ணுக்குக் கீழே பாறை. அதை வெடி வைத்துப் பிளந்து இறங்கினால், வெடிப்புகளில் கசியும் நீரே ஊற்று.

அந்த நீரை மேலேற்றியது கவலை. மதுரைப் பக்கத்தில் கமலை என்பார்கள். எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும். தும்பிக்கை போன்ற தோல்குழாய் வழியே தண்ணீர் தொட்டியில் கொட்டும். எருதுகள் பின்னோக்கி நடந்து மேட்டுக்கு ஏறினால், சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். விடியுமுன் பூட்டினால் வெயிலேறும்வரை இறைப்பு. அதற்குள் கிணற்றில் நீர் குறையும், மாடும் களைத்துவிடும். மாடு நிழலில் அசைபோடும் நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும். இறைக்காமல் விட்ட கிணற்றிலோ பாசி படரும், சருகு அழுகும், தண்ணீர் நாறும்.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையில் ஆலைகள் பெருகின. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகளும் வளர்ந்தன. கம்பி தோட்டங்களை எட்டியபின், மாடு நாள் முழுதும் இறைத்ததை மோட்டார் சற்று நேரத்தில் இறைத்துப் போட்டது. உழவனைக் குறை சொல்ல மாட்டேன். அதன் அருமை கவலை ஓட்டியவனுக்குத்தான் தெரியும். மின்கட்டண உயர்வை எதிர்த்த கிளர்ச்சியின்போது, 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். மின்சாரம் உழவனுக்கு அவ்வளவு முக்கியமாகியிருந்தது.

ஆனால் மோட்டாருக்குக் களைப்புத் தெரியாது. ஊற்று ஊறும்வரை அது காத்திருக்கவில்லை. கிணற்றை ஆழப்படுத்தினோம், அடியில் துளை போட்டோம், பிறகு ஆயிரம் அடி ஆழ்குழாய்க்குப் போனோம்.

அப்பாருவின் கிணற்றைப் போன மாசியில் எட்டிப் பார்த்தேன். கவலைக்கு நட்ட கல்தூண்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. அடியில் காய்ந்த வேப்பஞ்சருகு மட்டுமே. கிணறு ஊறவும் இல்லை, நாறவும் இல்லை. இப்படி மூன்றாவதாக ஒரு கிணறு உண்டாகும் என்று பழமொழி சொன்னவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். இறைக்கச் சொன்னதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். போதும் என்று சொல்ல அன்றைக்கு மாடு இருந்தது.