பகடையும் பத்தாயமும்

நகரம் கட்டும் கணிப்பொறி விளையாட்டுகளை இன்று இணையத்தின் வழியே இலட்சக்கணக்கானோர் ஆடுகின்றனர். அவற்றில் திருவிழாப் போட்டி ஒன்று வருகிறதென்றால், பல நாள் முன்பிருந்தே பொருள் சேர்த்து வைப்போர் ஒரு சாரார். 'பெட்டியைத் திறக்கும் நேரத்து அதிர்ஷ்டம்தான் எல்லாம்' என்போர் மற்றொரு சாரார். இந்த வழக்கு புதியதன்று. இதன் வேரைத் தேடினால் 1964ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேபல் அடிஸ் என்னும் பள்ளி ஆசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தாரின் துணையுடன் அவ்வாண்டு 'சுமேரிய விளையாட்டு' ஒன்றை வகுத்தார். ஆறாம் வகுப்பு மாணவர் பண்டைய லகாஷ் நகரத்தின் அரசராக அமர்வார். விளைந்த தானியத்தில் உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று அவர் ஆணையிட வேண்டும். அதைக் கேள்வியுற்ற டக் டைமென்ட் என்பவர், 1968இல் சிறிய கணிப்பொறி ஒன்றில் ஓடும்படி அதேபோன்ற விளையாட்டை எழுதினார். டேவிட் ஆல் அதை பேசிக் மொழிக்கு மாற்றி 1973இல் நூலில் சேர்த்தார். 'ஹமுராபி' என்ற பெயரில் அது உலகைச் சுற்றியது. (பாபிலோனிய மன்னன் பெயரில் உள்ள ஓர் எழுத்து எப்படியோ காணாமற் போயிற்று!)

அதன் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தொடக்கத்தில் மக்கள் 100 பேர், நிலம் 1000 ஏக்கர், பத்தாயத்தில் 2800 புஷல் தானியம். ஒருவர் ஓராண்டு உயிர்வாழ 20 புஷல் வேண்டும். ஒரு புஷல் விதை இரண்டு ஏக்கருக்குப் போதும். ஒருவரால் 10 ஏக்கர் உழ முடியும். ஆகவே உணவுக்கு 2000, விதைக்கு 500, ஆண்டுச் செலவு 2500 புஷல். ஆட்சிக்காலம் பத்தாண்டு.

இதுவரை எல்லாம் திட்டம். இனி பகடை. ஏக்கருக்கு 1 முதல் 5 புஷல் வரை எது வேண்டுமானாலும் விளையலாம். ஐந்துக்கும் சம வாய்ப்பு. சராசரி 3. அதாவது 1000 ஏக்கரில் 3000 புஷல். செலவு போக 500 மிச்சம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சராசரியை யாரும் உண்பதில்லை! விளைச்சல் 1 ஆகிவிட்டால் வருவது 1000 புஷல்தான். அடுத்த ஆண்டுச் செலவுக்கு அது பாதிகூட இல்லை.

குறிப்பிட்ட ஓராண்டில் இந்தப் பஞ்சம் வர வாய்ப்பு ஐந்தில் ஒன்று. பத்தாண்டில் ஒருமுறையேனும் வர வாய்ப்பு எவ்வளவு? ஒருமுறைகூட வராதிருக்க வாய்ப்பு 0.8ஐப் பத்துமுறை பெருக்கினால் கிடைப்பது. அது சுமார் 0.11. ஆக, நூற்றுக்கு 89 வீதம் பஞ்சம் வந்தே தீரும். எந்த ஆண்டில் என்பதுதான் தற்செயல். பஞ்சத்துக்கு ஏற்பாடு செய்வது அரசரின் அன்றாட வேலையாகி விடுகிறது.

சரி, தானியத்தைச் சேர்த்து வைப்போம் என்றால் எலி வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் இருப்பில் பாதியையும், இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் கால் பகுதியையும் அது தின்றுவிடும். ஆனால் எலி தின்பது பத்தாயத்தில் கிடப்பதை மட்டுமே. நிலத்தை அதனால் தின்ன முடியாது. ஆகவே கெட்டிக்கார அரசர் மிஞ்சிய தானியத்துக்கு நிலம் வாங்கிப் போடுகிறார். பஞ்ச காலத்தில் விற்கிறார். நில விலையும் ஆண்டுதோறும் 17 முதல் 26 புஷல் வரை தற்செயலாகவே மாறும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நில விலையை முதலில் சொல்லிவிட்டுத்தான் கணிப்பொறி நம் முடிவைக் கேட்கிறது. விளைச்சலோ நாம் முடிவெடுத்த பின்பே தெரியவரும். முதல் வகைத் தற்செயலைப் பயன்படுத்திக் கொள்ளலாம். இரண்டாவதைத் தாங்கிக்கொள்ள மட்டுமே முடியும். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் பலர்.

கொள்ளைநோயும் உண்டு; வந்தால் பாதி மக்கள் மாய்வர். அதன் வாய்ப்பு நூற்றுக்கு 15 என்று நிரலில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியில் உள்ள சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தாலோ 20 வருகிறது! ஆடியவர்கள் அறியாமலே கூடுதலாக மடிந்திருக்கிறார்கள்.

1989இல் வில் ரைட் 'சிம்சிட்டி'யை வெளியிட்டார். நகரங்களின் வளர்ச்சி தேய்வு பற்றி ஜே ஃபாரஸ்டர் 1969இல் எழுதிய நூல் அவருக்கு வழிகாட்டிற்று. அதில் தீ, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் வரும். ஆனால் வேண்டாமென்றால் அவற்றை நிறுத்தி வைக்கலாம். ஹமுராபிக்கு இந்தச் சலுகை இருந்ததில்லை.

இணைய விளையாட்டுகளில் பகடை இடம் மாறிவிட்டது. பேரிடர் குறைந்து, பரிசுப் பெட்டியில் தற்செயல் குடியேறியது. அதற்குக் காசும் கேட்கிறார்கள். பெட்டிகளின் வாய்ப்பு வீதத்தை வெளியிட வேண்டுமென்ற சீனாவின் விதி 2017இல் நடைமுறைக்கு வந்தது. காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டமென 2018இல் பெல்ஜியம் அறிவித்தது.

பத்தில் ஒன்று என்ற வாய்ப்புள்ள பெட்டியைப் பத்துமுறை திறந்தால் பரிசு உறுதி என்று மாணவர் பலர் நம்புகின்றனர். 0.9ஐப் பத்துமுறை பெருக்கிப் பாருங்கள்: 0.35 வரும். மூவரில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு திரும்புவர். நூற்றுக்கு 90 நம்பிக்கை வேண்டுமென்றால் 22 பெட்டிகளுக்குச் சேர்த்து வைத்த பின்பே முதல் பெட்டியைத் தொட வேண்டும்.