சிற்றுருப் புகைவண்டியும் சலனப்படமும்

புத்தளக் கடனீரேரியின் கரையோரத்தே, தென்னந்தோப்புகளும் உப்பளங்களும் நிறைந்த நிலப்பரப்பிலே, தில்லையடி அமைந்துள்ளது. இராகமையிற் பிரிந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே செல்லும் புகையிரதப் பாதை இவ்வூரைக் கடந்தே புத்தளத்தை அடைகின்றது. அப்பாதை புத்தளத்தை எட்டிய ஆண்டு 1926. அந்நாளில் வண்டிகளை இழுத்தவை நீராவி இயந்திரங்களே. 1950கள் முதல் டீசல் இயந்திரங்கள் இலங்கையிற் பெருகவே, அவை படிப்படியாக மறைந்தன. மறைந்த இயந்திரம் ஒன்றன் உருவத்தையும் ஓட்டத்தையும் பின்வருவோர் அறிவது எங்ஙனம்? சிற்றுருப் புகைவண்டிகளைச் செய்து, அவற்றின் ஓட்டத்தைச் சலனப்படமாகப் பிடிக்கும் பொழுதுபோக்கு இவ்வினாவுக்கு ஒரு விடையாகும். சிறுவர் விளையாட்டென்று பலராலும் தள்ளப்படும் இக்கலையின் வரலாறு ஆராய்தற்குரியது.

பெரியதைக் கண்டே சிறியது செய்யப்பட்டது என்று எண்ணுதல் இயல்பு. ஆயின், புகைவண்டியைப் பொறுத்தவரை சிறியதே முந்தியது. வில்லியம் மர்டொக் என்பார் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் 1784 ஆம் ஆண்டளவிலேயே நீராவியால் ஓடும் சிறு வண்டியொன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். தண்டவாளத்தின் மீது றிச்சர்ட் திறெவிதிக்கின் பெரிய இயந்திரம் ஓடியதோ 1804 இலேதான். அவரும் முதலிற் சிறிய மாதிரிகளைச் செய்தே தம் கருத்தைச் சோதித்தார். அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி 1854 இல் யப்பானுக்குக் கொண்டுசென்ற பரிசுகளுள், உண்மையளவில் நான்கிலொரு பங்கான புகைவண்டி ஒன்றும் இருந்தது. உள்ளே அமர இடமின்மையால், யப்பானிய அதிகாரி ஒருவர் அதன் கூரைமீது அமர்ந்து வலம் வந்தார். மாதிரியானது ஒரு நாட்டின் தொழிலறிவை மற்றொரு நாட்டுக்கு எடுத்துச் செல்லும் தூதாகவும் அமைந்தமையை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

விளையாட்டுப் புகைவண்டிகளை ஓர் ஒழுங்குக்குள் கொணர்ந்தவர் செருமனியின் மார்க்லின் நிறுவனத்தார். அவர்கள் 1891 இல் தண்டவாள அகலங்களை வரையறுத்து எண்ணிட்டனர். இங்கிலாந்தில் 1899 இல் தோன்றிய பாசெற் லோக் நிறுவனம் உண்மை இயந்திரங்களை ஒத்த மாதிரிகளை விற்றது. 1920 இல் பிராங் ஹோர்ன்பி வெளியிட்ட வண்டிகள் இல்லந்தோறும் புகுந்தன. இந்தியாவில் இவ்வார்வத்துக்குச் சான்றாக விளங்குவது குவாலியர் அரண்மனையின் வெள்ளிப் புகைவண்டி. மகாராசா மாதவராவ் சிந்தியாவின் விருந்து மேசையில் அது தண்டவாளத்தின்மேல் ஓடி, விருந்தினர்க்கு மதுக்குப்பிகளையும் சுருட்டுகளையும் கொண்டு சென்றது.

எனினும், இம்மாதிரிகளை வாங்கும் இலங்கையர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அவை பெரும்பாலும் 1435 மில்லிமீற்றர் அகலமுள்ள மேலைநாட்டுப் பாதைகளுக்கெனச் செய்யப்பட்டவை. அவ்வகலத்தை 87 இலொன்றாகக் குறைத்தால் 16.5 மில்லிமீற்றர் வரும். கடைகளிற் பெருவழக்காக விற்கப்படும் தண்டவாளத்தின் அகலம் இதுவே. தில்லையடியூடாகச் செல்லும் பாதையோ, இந்திய அகலப் பாதையைப் போன்று, 5 அடி 6 அங்குலம். அதாவது 1676 மில்லிமீற்றர். அதனை அதே விகிதத்திற் குறைத்தால் 19.3 மில்லிமீற்றர் வேண்டும். ஆகவே, இலங்கை இயந்திரத்தை உள்ளவாறு செய்ய விழைவோன் கடையை நம்பியிராது, பழைய வரைபடங்களைத் தேடி, எஞ்சிய இயந்திரங்களை அளந்து, தானே தகட்டை வெட்டிப் பொருத்தல் வேண்டும். அவ்வாறு அளக்கும்போதே அவன் வரலாற்று மாணவனாகி விடுகின்றான்.

உருவம் கிடைத்தபின் வேண்டுவது ஓட்டம். அதனைக் காக்க வல்லது சலனப்படமே. சலனப்படமும் புகைவண்டியும் தொடக்கந்தொட்டே நட்புடையவை. லூமியேர் சகோதரர் 1895 இற் பாரிசில் தம் படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டினர். புகைவண்டி நிலையத்தை வந்தடையும் அவர்களது படம் 1896 இல் பம்பாயிலும் காட்டப்பட்டது. 16 மில்லிமீற்றர் படச்சுருள் 1923 இலும், 8 மில்லிமீற்றர்ச் சுருள் 1932 இலும் வெளிவந்தபின், படம்பிடித்தல் இல்லத்தார்க்கும் எட்டிய கலையாயிற்று.

சிற்றுருவைப் படம்பிடித்தற்குக் கணக்கறிவும் வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியை 87 இலொன்றாகக் காட்டுவதாயின், மாதிரி செக்கனுக்கு ஏறத்தாழ 19 சதமமீற்றரே நகர்தல் வேண்டும். அதனின் விரைந்தால் அது பொம்மையெனத் தோன்றும். கமெராவும் மேலிருந்து நோக்காது, மேடையில் நிற்கும் மனிதனின் கண்மட்டத்துக்குத் தாழ்தல் வேண்டும். ஒரு பெட்டி பாலத்திலிருந்து வீழ்வதைக் காட்டுவது இன்னும் அரிது. உயரம் குறைந்தாலும் புவியீர்ப்பு குறைவதில்லை. ஆதலால் மாதிரி மிக விரைவில் வீழ்ந்துவிடும். 87 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.3. அத்தனை மடங்கு விரைவாகப் படம்பிடித்து, வழக்கமான வேகத்திற் காட்டினாலே வீழ்ச்சி உண்மைபோலத் தோன்றும்.

1957 ஆம் ஆண்டு இத்துறையில் வியத்தகு முரண் ஒன்றைக் கண்டது. டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' என்னும் படத்துக்காக, இலங்கையிற் கித்துல்கல என்னுமிடத்தே, களனி கங்கைமீது மரப்பாலம் கட்டப்பட்டு, உண்மையான புகைவண்டி ஒன்று அதனோடு தகர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் தம்பதியர் பழைய விளையாட்டு வண்டிகளை மட்டுமே கொண்டு ஒரு குறும்படத்தை எடுத்தனர். மாதிரியுருவுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை அதன் தொடக்கத்திலேயே விளக்கி, தாம் காட்டுவது பின்னதையே என்றனர். ஓரிடத்திற் பெரியது படத்துக்காக அழிந்தது. மற்றோரிடத்திற் சிறியது படத்தால் வாழ்வு பெற்றது.

அழிவின் பொருளை ஈழத்து வடபகுதியார் நன்கறிவர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. இருபத்து நான்கு ஆண்டுகளாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகட்குப் புகைவண்டி படத்திற் காணும் பொருளாகவே இருந்தது. அதே 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் புத்தளத்திலும் தில்லையடி முதலிய அயலூர்களிலும் வாழ வந்தனர். தில்லையடியில் வண்டியின் ஓசை கேட்டது; அவர்தம் சொந்த ஊர்ப் பாதையோ புல் மூடிக் கிடந்தது.

கடுகண்ணாவையில் 2014 திசெம்பரில் திறக்கப்பட்ட புகையிரத அருங்காட்சியகத்திற் பழைய இயந்திரங்கள் பேணப்படுகின்றன. அவை அங்கே அசையாது நிற்பவை. அவற்றை அளந்து, சிறிதாக்கி, ஓடச் செய்து, அவ்வோட்டத்தைப் படமாக்கி வைக்கும் மாணவன் தன் பொழுதைப் போக்குபவனல்லன். போன பொழுதை மீட்பவன். தண்டவாளம் பெயர்க்கப்படலாம், இயந்திரம் இரும்பு விலைக்குப் போகலாம். சரியாக அளந்து செய்த சிற்றுருவும், பொறுமையோடு எடுத்த படமும் எஞ்சுமாயின், அவ்வண்டி எவ்வாறு வந்தது, எவ்வாறு சென்றது என்பதைப் பிள்ளைகள் கேட்கும்போது காட்டுதற்கு ஒன்று இருக்கும்.