கேதார்காந்தா 'ஈஸி ட்ரெக்'தானா? லீவு போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிசம்பர் வந்தால் போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு பனிமலை படத்தைப் போட்டுவிடுவார். கூடவே 'கேதார்காந்தா, ஈஸி ட்ரெக், நாலே நாள்' என்று ஒரு வரி. லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் புலம்புகிறவர்கள்கூட 'நானும் வர்றேன்' என்று பெயர் கொடுப்பார்கள்.

தாராளமா போகலாம். ஆனால், அந்த 'ஈஸி' நடக்கிற பாதைக்குத்தான் பொருந்தும். உயரத்துக்குப் பொருந்தாது.

எங்கே இருக்கிறது?

உத்தராகண்ட் மாநிலம், உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 3,810 மீட்டர், அதாவது 12,500 அடி. பெயரைப் பார்த்து கேதார்நாத் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ருத்ரபிரயாக் மாவட்டம். கேதார்காந்தா யமுனை ஆற்றுப் பக்கம். அடிவாரத்தில் ஓடும் சுபின் ஆறு, நைத்வாரில் ரூபின் ஆற்றுடன் சேர்ந்து டோன்ஸ் ஆகிறது. டோன்ஸ் பிறகு யமுனையில் கலக்கிறது.

இந்தப் பகுதி கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. கீழே பைன், ஓக், தேவதாரு காடு. மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் சுத்தமாக நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் புல்வெளிதான். உள்ளூரில் இதை 'புக்யால்' என்கிறார்கள். குளிர்காலத்தில் அது முழுக்கப் பனிக்குள் போய்விடும். வானம் தெளிவாக இருந்தால் உச்சியில் இருந்து ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்களைப் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

விமானமோ ரயிலோ, முதலில் டேராடூன் போய்ச் சேருங்கள். அங்கிருந்து முசூரி, புரோலா, மோரி, நைத்வார் வழியாக சாங்க்ரி கிராமம். தூரம் சுமார் 200 கி.மீ.தான். ஆனால், மலைப்பாதை என்பதால் 8 முதல் 10 மணி நேரம் ஆகும். வனத்துறை அனுமதி கட்டாயம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தேவையான பணத்தை புரோலாவிலேயே எடுத்துவிடுங்கள். சாங்க்ரியைத் தாண்டினால் மொபைல் சிக்னலை நம்ப முடியாது.

எங்கே சிக்கல்?

வழக்கமான பயணத் திட்டத்தின் உயரங்களைப் பாருங்கள்:

• சாங்க்ரி: சுமார் 1,950 மீட்டர்
• முதல் கேம்ப், ஜூடா கா தாலாப் ஏரி: சுமார் 2,750 மீட்டர்
• பேஸ் கேம்ப்: சுமார் 3,400 மீட்டர்
• உச்சி: 3,810 மீட்டர்

தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது, மலையில் நீங்கள் தூங்கும் முதல் இரவே தொட்டபெட்டாவை விட உயரத்தில். கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் விமானம் ஏறியவர், நாலைந்து நாளில் 3,800 மீட்டரில் நிற்கிறார். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் 'ஏஎம்எஸ்' எனப்படும் மலை நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். 'நான் மாரத்தான் ஓடுறவன், எனக்கு வராது' என்று சொல்ல முடியாது. உடல் பலம் நடக்க உதவும், மலை நோயைத் தடுக்காது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ஆனால், இரண்டாம் நாள் பேஸ் கேம்ப்புக்கு ஏறும்போதே உயரம் 600 மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது.

அப்போ என்ன செய்யலாம்?

சாங்க்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். நிறைய தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தவிருங்கள். டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள். மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள், உடனே இறக்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது.

அதனால் பணம் கட்டும் முன் ட்ரெக் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரும் ஆக்ஸிமீட்டரும் மேலே வருமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நடுராத்திரியில் ஒருவருக்கு முடியாமல் போனால், அவரைக் கீழே கூட்டிப்போவது யார்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனி இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரி வரை குளிரலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கூட்டமும் அதிகம். முதல்முறை போகிறவர்கள் மார்ச் கடைசியைத் தேர்ந்தெடுக்கலாம். பனியும் கிடைக்கும், குளிரும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. பேஸ் கேம்ப்பில் இருந்து உச்சிக்கு இன்னும் 400 மீட்டர்தான். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று தலைவலியை மறைக்கத் தோன்றும் இடம் அதுதான். ஒருவருக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதை சாங்க்ரியிலேயே குழுவாகப் பேசி முடிவு செய்துவிடுங்கள். லீவையும் ஒரு நாள் கூடுதலாகப் போடுங்கள்.