முதல் ஆசியப் பேராயரும் திருச்சபையின் வாயிலும்

மலேசியத் தமிழரின் சமய வரலாற்றை ஆராய்வோர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் எழுந்த தமிழ்ச் சபைகளை மறத்தல் இயலாது. இருப்புப் பாதைத் தொழிலாளரும் எழுத்தரும் ஆசிரியரும் தமிழில் வழிபட்டு வளர்த்த சபைகள் அவை. அவற்றுள் மெதடிஸ்டுச் சபைகளுக்கு ஒருகால் தலைவராய் விளங்கிய ஒருவர், தன்பாலின ஈர்ப்பினரைத் திருச்சபை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் எனத் தம் முதுமையில் வெளிப்படையாக நின்றார். அவரே பேராயர் யாப் கிம் ஹாவ்.

இத்தகைய கொள்கை மேலைநாட்டிலிருந்து வந்த சரக்கு, ஆசிய மண்ணுக்கு ஒவ்வாதது என்று கூறுவார் பலர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை அப்பேராயரின் வாழ்வைக் கொண்டே ஆராயலாம்.

1968ஆம் ஆண்டில் மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்டுத் திருச்சபை அமெரிக்கத் தாய்ச்சபையின் ஆட்சியினின்று விடுபட்டுத் தன்னாட்சி பெற்றது. அதுவரை மேலைநாட்டுப் பணியாளர் வீற்றிருந்த பேராயர் பதவிக்கு முதல் ஆசியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாப் கிம் ஹாவ். 1973இல் அவரையடுத்து அப்பதவிக்கு வந்தவர் டி. ஆர். துரைசாமி. யாப், அதே ஆண்டு முதல் 1985 வரை ஆசியக் கிறித்தவ மன்றத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றினார். அம்மன்றம் முன்னர்க் கிழக்காசியக் கிறித்தவ மன்றம் என்னும் பெயருடன் விளங்கியது. அதன் தொடக்கப் பேரவை 1959இல் கோலாலம்பூரிலேயே கூடியது. அதன் முதற் பொதுச் செயலாளர் யாழ்ப்பாணத் தமிழராகிய டி. தி. நைல்ஸ். ஆசியத் திருச்சபைகள் பிறர் குரலை எதிரொலிக்காமல் தம் குரலிலேயே பேச வேண்டும் என்று விழைந்தோரின் வரிசை இது. அவ்வரிசையில் வந்தவரே, ஓய்வு பெற்ற பின்னர்த் தன்பாலின ஈர்ப்பினரை வரவேற்ற சிங்கப்பூர் பிரீ கம்யூனிட்டி சர்ச் என்னும் சபைக்கு ஆலோசகராய்த் துணை நின்றார். அவர் ஆண்ட திருச்சபை அவர் வழியை ஏற்கவில்லை. எனினும் 2017இல் மறையும் வரை அவர் தம் நிலையினின்று மாறவில்லை.

கோலாலம்பூரில் இக்கொள்கையை முன்னெடுத்த மற்றொருவர் எழுத்தாளரும் போதகருமாகிய ஓ யாங் வென் பெங். 2006இல் தம் இயல்பைப் பலரறிய வெளியிட்ட அவர், 2007இல் அந்நகரில் வழிபாடு நடத்தினார், கண்டனங்கள் எழுந்தன. பின்னர் அங்கே நல்ல சமாரியன் என்னும் பெயரால் ஒரு சபை உருவாயிற்று. யூதர் இழிவாகக் கருதிய சமாரியனையே உண்மையான அயலான் எனக் காட்டும் உவமையை அறிந்தோர்க்கு அப்பெயரின் கருத்து எளிதில் விளங்கும். அச்சபை சார்ந்த மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் இயக்கம், 1968 அக்டோபர் 6ஆம் நாள் கலிபோர்னியாவில் டிராய் பெரி என்பவரின் இல்லத்தில் 12 பேருடன் தொடங்கியது. ஆகவே மேலைநாட்டுத் தொடர்பு அறவே இல்லை என்பதும் பொருந்தாது.

ஆயினும் எதிர்ப்பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தன்பாலினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் சட்டம் எங்கிருந்து வந்தது? 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை ஆங்கில ஆட்சியாளர் வகுத்தனர். அதனை அடியொற்றிய சட்டங்களே மலாயாவிலும் புகுந்தன. இந்திய உச்சநீதிமன்றம் 2018இல், மனமொத்த வயதுவந்தோர்க்கு அப்பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியச் சட்டத்திலோ 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இன்றும் உள்ளன. வெளியிலிருந்து வந்தது எனத் தள்ளுவதாயின், இச்சட்டமும் அவ்வளவையால் தள்ளற்பாலதேயாகும்.

மறுப்போர் வேதநூலின் சொற்களையும் திருமணம் பற்றிய மரபையும் சான்றாகக் காட்டுவர். அவர்தம் பற்றினை ஐயுறல் வேண்டா. ஆனால் மரபு என்பது என்றும் அசையாதது அன்று. தமிழ்க் கிறித்தவர் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் என்று 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே அதனை எதிர்த்தார். சபைகள் பிளவுண்டன. இன்றோ கோயிலில் சாதிக்கு ஓர் இருக்கை வேண்டுமென வெளிப்படையாக வாதிட எவரும் துணியார்.

இரு வழக்குகளும் முற்றும் ஒன்றல்ல. எனினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே. ஆலயத்தின் கடைசி இருக்கையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் இளைஞனும் சபையின் உறுப்பினனா, அல்லனா? இவ்வினாவை எழுப்பியவர் அயலார் அல்லர். அத்திருச்சபையே தேர்ந்தெடுத்த முதல் ஆசியத் தலைவர். விடை கூறும் கடமை திருச்சபைக்கு இன்னும் உள்ளது.