கீழாநெல்லிக்கு லண்டன் வரைக்கும் ஒரு கதை இருக்கு

புரட்டாசியில ரெண்டு மழை நல்லா பேஞ்சா போதும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டிலயும் மக்காச்சோளக் காட்டிலயும், அரியலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு ஓரத்திலயும் கீழாநெல்லி தானா முளைச்சுடும். யாரும் விதைக்கிறதில்ல. புளிய இலை மாதிரி பொடி இலை, அதுக்கு அடியில கடுகு கணக்கா வரிசையா காய். களை எடுக்கிறவங்களுக்கு அது களை. வீட்ல யாருக்காவது கண்ணு மஞ்சளாச்சுன்னா அதே செடி மருந்து. வேரோட பிடுங்கி அரைச்சு, மோர்ல கலந்து, உப்பில்லாப் பத்தியத்தோட குடுப்பாங்க.

இந்தக் களைச்செடி ஒரு காலத்துல உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சது. நகரத்துல இருக்கிற நம்மாளுங்க நிறைய பேருக்கு அந்தக் கதை தெரியாது.

அமெரிக்காவுல பரூக் புளம்பெர்க்னு ஒரு விஞ்ஞானி. மஞ்சள் காமாலையில ஒரு வகையான ஹெபடைடிஸ் பி கிருமியை அடையாளம் காண வழி செஞ்சதுக்காக 1976-ல நோபல் பரிசு வாங்கினவர். அவரோட சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்துல நுண்ணுயிரியல் துறையில இருந்த எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லியை ஆராய்ஞ்சது. அந்தக் கிருமியை உடம்புல சுமந்துகிட்டு இருக்கிறவங்கள்ல ஒரு பகுதிக்குக் கீழாநெல்லிப் பொடி, 200 மில்லிகிராம் கேப்ஸ்யூலா, தினம் மூணு வேளை, 30 நாள். இன்னொரு பகுதிக்கு மருந்தில்லாத கேப்ஸ்யூல்.

எதுக்கு அந்த மருந்தில்லாத கேப்ஸ்யூல்னு கேட்கலாம். புது உரம் வந்தா விவரமான விவசாயி என்ன செய்வார்? நாலு பாத்திக்குப் போட்டுட்டு, பக்கத்துல நாலு பாத்தியைச் சும்மா விடுவார். விளைச்சல் கூடினா அது உரத்தாலயா, மழையாலயான்னு அப்பதான் தெரியும். அதே கணக்குதான் இங்கயும்.

1988-ல லண்டன்ல இருந்து வர்ற 'லான்செட்' மருத்துவ இதழ்ல முடிவு வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் காணாமப் போயிருந்தது. சும்மா கேப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி. 59 சதவீதம் எங்க, 4 சதவீதம் எங்க! பெரிய பக்கவிளைவும் இல்லைன்னு எழுதியிருந்தாங்க.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா ஒரு காட்டுல விளைஞ்சது அடுத்த காட்டுலயும் விளையணும்ல? 1990-ல தாய்லாந்துல செஞ்சு பார்த்தாங்க, பலன் இல்ல. 1994-ல நியூசிலாந்துலயும் அதே கதைதான். மண்ணும் பறிச்ச பருவமும் மாறினா செடியோட சத்தும் மாறும்னு ஒரு விளக்கம் வந்தது. விவசாயிக்கு அது நம்பக்கூடிய விளக்கம்தான். போதாததுக்குப் பெயர்க் குழப்பம் வேற. நம்ம ஊர்லயே கீழாநெல்லி, மேலாநெல்லி, தண்டு சிவந்த ஒரு நெல்லின்னு பார்க்க ஒரே மாதிரி செடிங்க இருக்கு. புத்தகங்கள்லயும் ஒன்னோட பேரை இன்னொன்னுக்குப் போட்டிருக்காங்க. கடைசியா 2011-ல உலகம் முழுக்க நடந்த 16 ஆய்வுகளைச் சேர்த்து அலசினாங்க. ஹெபடைடிஸ் பி-க்கு இது பலன் தருதுன்னு உறுதியாச் சொல்ல ஆதாரம் பத்தாதுங்கிறதுதான் முடிவு.

அப்போ எங்க ஊர்ல குணமானவங்க எல்லாம் பொய்யா? இல்ல. காமாலைங்கிறது ஒரே நோய் இல்ல, பல நோய்க்கு அது அடையாளம். கெட்ட தண்ணியால வர்ற ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானா இறங்கிடும். பெரியவங்களுக்குப் புதுசா வர்ற பி வகை கூட நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல தானாத்தான் போகும். அந்தச் சமயம் கீழாநெல்லி குடிச்சிருந்தா பேர் அதுக்குப் போயிடும். ஊர்ல யாரும் பக்கத்துப் பாத்தியைச் சும்மா விட்டுப் பார்க்கிறதில்லையே.

ஆபத்து செடியில இல்ல, காத்திருக்கிறதுலதான் இருக்கு. பித்தப்பைக் கல்லு குழாயை அடைச்சாலும் கண்ணு மஞ்சளாகும். வயல் தண்ணியில நிக்கிறவங்களுக்கு வர்ற எலிக்காய்ச்சல்லயும் ஆகும். இதுக்கெல்லாம் பத்து நாள் மோர்ல கலக்கிக் குடிச்சுக்கிட்டு இருந்தா உசுருக்கே வினை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யில பல வருஷம் கண்ணுகூட மஞ்சளாகாது. உள்ளுக்குள்ளயே கல்லீரல் சுருங்கும், புத்துநோய் வரைக்கும் போகும். ரத்தப் பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். அதுக்கு மாத்திரை இருக்கு. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடுற தடுப்பூசியும் இருக்கு, அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

இன்னொன்னு, இதை ஒரு விவசாயியாச் சொல்றேன். இப்ப காட்டுல பாதிப் பேர் களைக்கொல்லி அடிக்கிறோம். கீழாநெல்லியும் களைதான், அதுமேலயும் மருந்து விழுது. ஊருக்கு வந்த இடத்துல வரப்போரம் பசேல்னு நிக்குதுன்னு பிடுங்கிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, காட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சா முதல்ல ரத்தம் குடுத்து என்ன காமாலைன்னு பாருங்க. கீழாநெல்லி எங்கயும் ஓடிடாது, அடுத்த மழைக்கும் முளைக்கும்.